அக்கம்பக்கம் தெரியாத அகராதி

தலைப்பைப் பார்த்துவிட்டு ஏதோ இலக்கியச் சமாச்சாரம் என்று உள்ளே வந்தவர்கள் மன்னிக்கவும். இது பைத்தான் பற்றியது. பாம்பு இல்லை, கம்ப்யூட்டர் மொழி. "பி.காம். படிக்கிற பயலுக்கு இதெல்லாம் எதுக்குடா?" என்று கேட்கப்போகிற என் வகுப்பு மக்கள் கொஞ்சம் பொறுமையாகப் படிக்கவும். இது நம்ம ஏரியா விஷயம்தான் என்று சொல்லத்தான் இவ்வளவு நீளம்.

பைத்தானில் டிக்ஷ்னரி என்று ஒன்று இருக்கிறது. ஒரு சாவியைக் கொடுத்தால் அதற்குரிய மதிப்பைத் தரும். ரோல் நம்பர் கொடுத்தால் பெயர், பின்கோடு கொடுத்தால் ஊர். கொடுத்த சாவி உள்ளே இருந்தால் கண்ணை மூடித் திறப்பதற்குள் பதில் வந்துவிடும். ஆனால் "இந்தச் சாவி இல்லையா, சரி, இதுக்கு அடுத்த பெரிய சாவி எது?" என்று கேட்டுப் பாருங்கள். திருதிருவென்று முழிக்கும். அதற்கென்று ஒரு மெத்தட் கிடையாது.

இதை எப்படிச் செய்வது என்று கேட்டால் ப்ரோக்ராம் தெரிந்தவர்கள் ஆளுக்கு ஒரு வழி சொல்வார்கள். எது வேகம், எது மெதுவு என்று சண்டையும் போட்டுக்கொள்வார்கள். என் கருத்து என்னவென்றால், வேகம் இங்கே இரண்டாவது பிரச்சினை. முதல் பிரச்சினை, எந்தச் சாவி வேண்டும் என்பதையே யாரும் சரியாகச் சொல்வதில்லை. மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா? சமமாக இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளலாமா? அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லையென்றால் என்ன செய்ய? இந்தக் கேள்விகளுக்கெல்லாம் பதில் கம்ப்யூட்டர் சயின்ஸ் புத்தகத்தில் இல்லை. ரேட் சார்ட்டிலும், வரிச் சட்டத்திலும், பேங்க் நோட்டீஸ் போர்டிலும் இருக்கிறது. அதைப் படிக்கத்தானே நாம் மூன்று வருஷம் ஃபீஸ் கட்டுகிறோம்?

முதலில், டிக்ஷ்னரிக்கு ஏன் தெரியவில்லை என்று பார்த்துவிடலாம்.

அச்சடித்த அகராதியில் 'மலை' என்ற சொல்லைத் தேடுகிறோம். அது இல்லாவிட்டாலும், எங்கே இருந்திருக்க வேண்டுமோ அந்த இடத்தில் விரல் வந்து நின்றுவிடும். அதற்கு அடுத்த சொல் கண்ணெதிரே இருக்கும். காரணம் வரிசை. தமிழில் அந்தப் புத்தகத்துக்குப் பெயரே வரிசையிலிருந்து வந்ததுதான். அகரம் ஆதியாக, அதாவது 'அ' முதலாக அடுக்கியது அகராதி. அதற்கு முன்னால் இருந்த நிகண்டுகள் தேவர் பெயர், மக்கள் பெயர், விலங்கின் பெயர் என்று பொருள்வாரியாகப் பாட்டில் இருந்தன. 1594-ல் சிதம்பர ரேவண சித்தர் அகராதி நிகண்டு எழுதினார். 1732-ல் வீரமாமுனிவர் சதுரகராதி செய்தார். அடுத்த சொல் எது என்று கேட்க முடிகிற வசதிக்கே ஒரு வரலாறு இருக்கிறது பாருங்கள்.

பைத்தான்காரர்களின் டிக்ஷ்னரி இந்த அர்த்தத்தில் அகராதியே இல்லை. அது ஹாஷ் டேபிள். 1953-ல் ஐ.பி.எம்.மில் ஹான்ஸ் பீட்டர் லூன் என்பவர் எழுதிய யோசனையிலிருந்து வளர்ந்தது. சாவியை ஒரு கணக்கில் போட்டு அரைத்து, வருகிற எண்ணை வைத்து எந்த அறையில் வைப்பது என்று முடிவு செய்வது. கல்யாண வீட்டில் செருப்பை டோக்கன் போட்டு வைக்கிற மாதிரி. டோக்கனைக் கொடுத்தால் நேராகப் போய் எடுத்து வந்துவிடுவார்கள். ஆனால் "8-ம் நம்பர் செருப்புக்கு அடுத்த பெரிய சைஸ் எது?" என்று கேட்டால் அத்தனை செருப்பையும் புரட்டித்தான் ஆகவேண்டும். தேடாமலே எடுக்கிற வேகத்துக்காக அக்கம்பக்கத்தைத் தியாகம் செய்தாயிற்று. நல்ல வியாபாரம்தான், அக்கம்பக்கம் தேவைப்படாத வரைக்கும்.

இதில் இரண்டு கண்கட்டு வித்தை உண்டு, சொல்லிவிடுகிறேன். பைத்தான் 3.7 (2018) முதல் டிக்ஷ்னரி வரிசையைக் காப்பாற்றும் என்று உத்தரவாதம் கொடுத்திருக்கிறார்கள். அது நாம் போட்ட வரிசை, ஏறுவரிசை இல்லை. 500, 100, 250 என்று போட்டால் 500, 100, 250 என்றுதான் வரும். இரண்டாவது, சின்ன முழு எண்களை செட்டில் போட்டு அச்சடித்தால் பெரும்பாலும் அழகாக ஏறுவரிசையில் வரும். பைத்தானில் சின்ன முழு எண்ணின் ஹாஷ் அந்த எண்ணேதான் என்பதால் வருகிற தற்செயல் அது. அதை நம்பி ப்ரோக்ராம் எழுதுவது, ஒரு நாள் பஸ் சீக்கிரம் வந்ததை நம்பி தினமும் லேட்டாகக் கிளம்புவது போல.

சரி, அடுத்த பெரிய சாவியை எப்படித்தான் எடுப்பது?

முதல் வழி, ஒவ்வொன்றாக ஏற்றிப் பார்ப்பது. 480 இருக்கா? இல்லை. 481? இல்லை. 482? இப்படியே 500 வரை. இதை ஒருவன் எழுதிக் காட்டினால் சிரிக்காதீர்கள், நிறையப் பேருக்கு முதலில் தோன்றுவது இதுதான். முழு எண்ணாக இருக்கும் வரை ஓடும். 480.5 கொடுத்தால்? 481.5, 482.5... 499.5, 500.5. ஐநூறைத் தாண்டிப் போய்விட்டது. எந்த முழு எண்ணையும் தொடாமல் ஓடிக்கொண்டே இருக்கும், கரண்ட் போகிற வரை :-)

இரண்டாவது வழி, இருக்கிற எல்லாச் சாவியையும் பார்த்து, நம்முடையதை விடப் பெரியதையெல்லாம் தனியே எடுத்து, அதில் சின்னது எது என்று கேட்பது. பைத்தானில் ஒரே வரி. "இது மெதுவானது, எழுதாதே" என்று மேதாவிகள் சொல்வார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஏழு வரி இருக்கிற ரேட் சார்ட்டுக்கு இதுதான் சிறந்த வழி. படித்தால் புரியும், தப்பு நுழைய இடமில்லை. ஏழு எண்ணை ஒப்பிட எவ்வளவு நேரம் ஆகிவிடப் போகிறது?

சாவி பத்து லட்சம் இருந்து, ஒரு நாளைக்கு ஆயிரம் முறை கேட்கவேண்டும் என்றால் கதை வேறு. அப்போது மூன்றாவது வழி. சாவிகளை ஒரே ஒரு தடவை வரிசைப்படுத்தி வைத்துக்கொண்டு நடுவில் பிளந்து பிளந்து தேடுவது. பத்து லட்சத்தை இருபது முறை பாதியாக்கினால் ஒன்றுக்கு வந்துவிடும். இரண்டின் இருபதாம் அடுக்கு 10,48,576. ஆக, பத்து லட்சம் ஒப்பீட்டுக்குப் பதில் இருபது. பைத்தானில் இதற்கு பைசெக்ட் என்ற மாட்யூல் கூடவே வருகிறது. அதில் பைசெக்ட் லெஃப்ட், பைசெக்ட் ரைட் என்று இரண்டு ஃபங்ஷன். நாம் தேடும் எண் பட்டியலில் ஏற்கெனவே இருந்தால் லெஃப்ட் அதன் மேலேயே நிற்கும், ரைட் அதைத் தாண்டி அடுத்ததில் நிற்கும். எண் பட்டியலில் இல்லாவிட்டால் இரண்டும் ஒரே இடத்தில்தான் நிற்கும். வித்தியாசம் அவ்வளவுதான்.

அந்த 'அவ்வளவுதான்' எவ்வளவு என்று இப்போது ரூபாயில் பார்ப்போம்.

ரெடிமேட் துணிக்கு ஜி.எஸ்.டி. எப்படி? 2025 செப்டம்பர் 22 முதல், ஒரு உருப்படியின் விலை (வரி சேர்க்காமல்) 2,500 ரூபாய்க்கு மிகாமல் இருந்தால் 5 சதவீதம். 2,500-ஐத் தாண்டினால் 18 சதவீதம். இதை டிக்ஷ்னரியாகப் போட்டால் இரண்டே சாவி. 2500 என்ற சாவிக்கு 5, அதற்கு மேல் எல்லாவற்றுக்கும் என்று 'முடிவிலி' என்ற சாவிக்கு 18. (பைத்தானில் முடிவிலியைச் சாவியாகவே வைக்கலாம். கணக்கு வாத்தியார் கோபித்துக்கொள்வார், பைத்தான் கோபித்துக்கொள்ளாது.) 1,800 ரூபாய் சட்டைக்கு அடுத்த பெரிய சாவி 2500, வரி 5 சதவீதம். 3,000 ரூபாய் சேலைக்கு என்று எழுத வந்தேன், சேலை ரெடிமேட் கணக்கில் வராது, அதனால் 3,000 ரூபாய் கோட்டுக்கு அடுத்த பெரிய சாவி முடிவிலி, வரி 18. சரிதானே?

சரியாக 2,500 ரூபாய்க்கு ஒரு சட்டை வருகிறது. "அடுத்த பெரிய சாவி" என்ற சொல்லை அப்படியே எடுத்துக்கொண்ட ப்ரோக்ராமர் பைசெக்ட் ரைட் போட்டிருக்கிறார். 2500-ஐ விடப் பெரியது எது? முடிவிலி. 18 சதவீதம். 450 ரூபாய் வரி. சட்டம் சொல்வது 'மிகாமல்', அதாவது 2,500-ம் உள்ளேதான். 5 சதவீதம், 125 ரூபாய். ஒரு சட்டைக்கு 325 ரூபாய் வித்தியாசம், ஒரே ஒரு ஃபங்ஷன் பெயரில். ப்ரோக்ராம் எரர் காட்டாது, நிற்காது, பில் அழகாகப் பிரிண்ட் ஆகும். கடைக்காரர் வாடிக்கையாளரிடம் திட்டு வாங்குவார். இரண்டாயிரத்து ஐநூறு என்பது கடைகளில் யாரும் வைக்காத விலையும் இல்லையே, ரவுண்டான எண்ணாயிற்றே. எல்லைகள் எப்போதும் ரவுண்டாகத்தான் இருக்கும், விலையும் ரவுண்டாகத்தான் இருக்கும், ஆகவே இரண்டும் அடிக்கடி முட்டிக்கொள்ளும்.

இதையே வருமான வரியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 2025 பட்ஜெட்டில் அறிவித்த புதிய முறை ஸ்லாபில் 4 லட்சம் வரை இல்லை, 4 முதல் 8 வரை 5 சதவீதம், 8 முதல் 12 வரை 10 சதவீதம். ஒருவரின் வரிக்குரிய வருமானம் சரியாக 8 லட்சம். கீழ் ஸ்லாபில் வைத்துக் கணக்குப் போட்டால் 4 லட்சத்துக்கு 5 சதவீதம், 20,000. மேல் ஸ்லாபில் வைத்தால் அதே 20,000, கூட பூஜ்யத்துக்கு 10 சதவீதம். இரண்டும் ஒன்றே. (87ஏ தள்ளுபடியில் கடைசியில் அதுவும் கட்டவேண்டியதில்லை, அது தனிக் கதை.) படி ஏறுகிறபோது ஏறிய பகுதிக்கு மட்டும் புது ரேட் என்பதால் எல்லையில் லெஃப்ட் போட்டாலும் ரைட் போட்டாலும் ஒன்றும் ஆகாது. ஜி.எஸ்.டி. சட்டை அப்படி இல்லை, அங்கே படி இல்லை, பள்ளம். தாண்டினால் மொத்த விலைக்கும் புது ரேட்.

எந்த டேபிளில் எல்லை உயிர்போகிற விஷயம், எதில் அலட்டிக்கொள்ள வேண்டாம் என்பது கோடு எழுதுகிறவருக்குத் தெரியாது. டாக்ஸேஷன் பேப்பர் எழுதின நமக்குத் தெரியும். நான் சொல்ல வந்ததே இதைத்தான்.

எங்கள் ஊரில் ஒரு கூரியர் கவுண்டர். பெயர் வேண்டாம். போன லீவில் அங்கே அடிக்கடி போகவேண்டி இருந்தது. ரேட் சார்ட் சுவரில் ஒட்டியிருக்கும், 250 கிராம் வரை, 500 கிராம் வரை, 1 கிலோ வரை என்று. ஒருநாள் என் பார்சல் தராசில் சரியாக 500 காட்டியது. கவுண்டரில் இருந்த அக்கா கீபோர்டில் 499 என்று அடித்தார்.

"ஏன்க்கா, 500 தானே?"

"500ன்னு அடிச்சா ஒரு கிலோ ரேட் போட்டுடும் தம்பி. சொல்லிச் சொல்லிப் பார்த்துட்டோம், யாரும் மாத்தித் தரல. அதான் ஒரு கிராம் குறைச்சிடுறது."

தினமும் அந்த அக்கா மெஷினிடம் பொய் சொல்லிக் கொண்டிருக்கிறார், வாடிக்கையாளருக்கு நியாயம் செய்வதற்காக. அவர் லீவு போட்டு வேறு ஆள் உட்கார்ந்தால் அந்த ஒரு கிராம் யார் தலையிலோ விழும். சார்ட்டில் 'வரை' என்று தமிழில் தெளிவாக எழுதியிருக்கிறது. யாரோ ஒருவர் அதை 'க்குள்' என்று படித்துவிட்டார்.

நம்ம மொழியில் இந்தச் சொற்களைக் கவனித்துப் பாருங்கள். '500 வரை' என்றால் 500 சேர்த்தி. '500-க்கு மிகாமல்' சேர்த்தி. '500-க்குள்' என்றால் சிலர் சேர்த்துக்கொள்வார்கள், சிலர் மாட்டார்கள், நான் கேட்டுப் பார்த்த வரையில் ஹாஸ்டலில் பாதிக்குப் பாதி. '500-க்கு மேல்' சேர்த்தி இல்லை. '500-ம் அதற்கு மேலும்' சேர்த்தி. '500-க்குக் குறையாமல்' சேர்த்தி, ஆனால் எதிர்ப் பக்கம். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு ஃபங்ஷன் இருக்கிறது. 'வரை' பார்த்தால் பைசெக்ட் லெஃப்ட், சமமோ அடுத்த பெரியதோ. 'குறையாமல்' பார்த்தால் பைசெக்ட் ரைட் போட்டு ஒன்று கழிக்கவேண்டும், சமமோ அடுத்த சிறியதோ. பேங்க்கில் ஃபிக்ஸட் டெபாசிட் போர்டு 'ஒரு வருஷம் முதல் இரண்டு வருஷத்துக்குக் குறைவாக' என்று எழுதியிருந்தால் அங்கே சாவி கீழ் எல்லை. கூரியரில் மேல் எல்லை. டேபிளைப் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். தேடும் திசை நேர் எதிர்.

இரண்டு திசையும் ஒரே பில்லில் வந்தால்? வரும். அதே சட்டைக் கடைதான். 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது ரெடிமேடுக்கு எல்லை 1,000 ரூபாய். அதுவரை 5, மேலே 12. 2025 செப்டம்பர் 22-ல் எல்லை 2,500, ரேட் 5, 18. ஆக இரண்டு டேபிள், இரண்டுக்கும் அமலுக்கு வந்த தேதி. பில் தேதியை வைத்து எந்த டேபிள் என்று எடுக்கும்போது, அந்தத் தேதிக்குச் சமமான அல்லது அதற்கு முந்தின சாவி வேண்டும், அதாவது கீழ்ப்பக்கம். டேபிள் கிடைத்த பிறகு விலையை வைத்துத் தேடும்போது சமமான அல்லது அடுத்த பெரிய சாவி, மேல்பக்கம். 2,500 ரூபாய் சட்டை செப்டம்பர் 21-ல் விற்றிருந்தால் 12 சதவீதம், 300 ரூபாய். மறுநாள் விற்றிருந்தால் 125. ஒரே சட்டை, ஒரே விலை.

இதை டேபிளாக வைத்திருந்த கடைக்கு செப்டம்பர் 22 அன்று வேலை ஒரு வரி சேர்ப்பது மட்டும். '1000-க்கு மேலே போனால் 12' என்று இஃப் போட்டு ப்ரோக்ராம் முழுக்கத் தெளித்து வைத்திருந்தால், ஒவ்வொரு 1000-ஐயும் தேடி, இது வரி எல்லையா, ஒரு கிலோவுக்கு ஆயிரம் கிராமா என்று பிரித்துப் பார்க்கவேண்டும். பழைய தேதி பில்லைத் திரும்ப எடுத்தால் புது ரேட் போட்டுவிடும் என்பது போனஸ்.

இந்தக் கீழ்ப்பக்கத் தேடலில் பைத்தானுக்கே உரிய ஒரு பள்ளம் இருக்கிறது. பைசெக்ட் ரைட் போட்டு ஒன்று கழிக்கவேண்டும் என்றேன் இல்லையா? எல்லாச் சாவியையும் விடச் சின்ன ஒன்றைக் கொடுத்தால் பைசெக்ட் 0 என்று சொல்லும். ஒன்று கழித்தால் மைனஸ் 1. மற்ற பல மொழிகளில் மைனஸ் 1-வது இடம் என்றால் அலறும். பைத்தானில் மைனஸ் 1 என்றால் 'கடைசி' என்று அர்த்தம், சமர்த்தாகக் கடைசி வரியை எடுத்துக் கொடுக்கும். அதாவது 2017 ஜூன் 30 தேதியிட்ட, ஜி.எஸ்.டி.யே பிறக்காத காலத்து பில்லைக் கொடுத்தால், 2025-ன் ரேட் போட்டு பில் வரும். எரர் இல்லை, எச்சரிக்கை இல்லை. மேல்பக்கத் தேடலில் இந்த ஆபத்து இல்லை. பெரிய சாவி இல்லையென்றால் பட்டியலுக்கு வெளியே போய் விழுந்து சத்தம் போடும். சத்தம் போடுகிற தப்பு நல்ல தப்பு.

எல்லை தாண்டினால் என்ன செய்வது என்பதும் விதியிலிருந்து வரவேண்டியதே. ஜி.எஸ்.டி.க்கு முடிவிலிச் சாவி சரி, சட்டமே 'மேலே எல்லாவற்றுக்கும்' என்கிறது. கூரியர் சார்ட் 20 கிலோவோடு முடிகிறது என்றால் அங்கே முடிவிலிச் சாவி போடக்கூடாது. 21 கிலோ மூட்டைக்குச் சரியான பதில் ஒரு ரேட் இல்லை, "எடுக்க மாட்டோம்" என்பது.

மற்ற மொழிக்காரர்கள் இதை எப்படிச் சமாளித்தார்கள் என்று பார்த்தால் ஜாவாவுக்குத்தான் என் ஓட்டு. ட்ரீமேப் என்று ஒன்று அதில் உண்டு, சாவிகளை எப்போதும் வரிசையாகவே வைத்திருக்கும். 2006-ல் வந்த ஜாவா 6-ல் அதற்கு நான்கு மெத்தட் சேர்த்தார்கள். ஹையர்கீ என்றால் கண்டிப்பாகப் பெரியது. சீலிங்கீ என்றால் சமம் அல்லது பெரியது. ஃப்ளோர்கீ சமம் அல்லது சிறியது. லோயர்கீ கண்டிப்பாகச் சிறியது. நான்கு கேள்விக்கு நான்கு பெயர். பெயரை எழுதும்போதே "நமக்கு இதில் எது?" என்று ஒரு வினாடி யோசிக்க வைக்கிறது பாருங்கள், அதுதான் எனக்குப் பிடித்தது. சி ப்ளஸ் ப்ளஸ்ஸில் லோயர் பவுண்ட், அப்பர் பவுண்ட் என்று வைத்திருக்கிறார்கள். லோயர் பவுண்ட் என்றால் கீழே உள்ளதைத் தரும் என்று நினைத்தால் கெட்டீர்கள், அது தருவது சமம் அல்லது பெரியது. மைக்ரோசாஃப்ட் 2005-ல் டாட்நெட் 2.0-வில் சார்ட்டட் டிக்ஷ்னரி கொடுத்தார்கள். சாவிகள் உள்ளே வரிசையாக இருக்கும், ஆனால் அடுத்தது எது என்று கேட்க மெத்தட் வைக்கவில்லை. விருந்துக்குக் கூப்பிட்டு இலை போட்டுவிட்டு சாதம் வைக்க மறந்த மாதிரி.

பைத்தானில் பைசெக்ட் இருக்கிறது, ஆனால் அது பதில் சொல்வது "எந்த இடத்தில் நுழைக்கலாம்?" என்ற கேள்விக்கு. அதிலிருந்து நம் நான்கு கேள்வியையும் நாமேதான் செய்துகொள்ளவேண்டும். அதன் கையேட்டிலேயே அதற்கு மாதிரி ஃபங்ஷன்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். சாவி அடிக்கடி சேரும், அழியும் என்றால் சார்ட்டட்கண்டெய்னர்ஸ் என்ற இலவச லைப்ரரி இருக்கிறது, அதைப் போட்டுக்கொள்ளலாம். ஷேர் மார்க்கெட் ஆர்டர் புக் அப்படிப்பட்டது. ஒரு விலையில் இருந்த விற்பனை ஆர்டரெல்லாம் தீர்ந்துபோனால் அடுத்த பெரிய விலைக்குப் போகவேண்டும், அந்த விலைகளும் நொடிக்கு நொடி வந்து போய்க்கொண்டிருக்கும். நம் ப்ராஜெக்டுக்கு அவ்வளவெல்லாம் வேண்டாம்.

"நான் பைத்தான் பக்கமே வரமாட்டேன், எனக்கு எக்ஸெல் போதும்" என்கிற கோஷ்டிக்கும் தப்பிக்க வழியில்லை. வீ-லுக்கப் போடும்போது நாலாவது இடத்தைக் காலியாக விட்டால் அது சமமானதைத் தேடி, இல்லையென்றால் அடுத்த சிறியதை எடுத்துக்கொள்ளும். கேட்காமலே கீழ்ப்பக்கம். பட்டியல் ஏறுவரிசையில் இல்லாவிட்டால் என்ன தரும் என்று அதற்கே தெரியாது. மேல்பக்கம் வேண்டும் என்றால் மேட்ச் ஃபங்ஷனில் மைனஸ் 1 போட்டு, பட்டியலை இறங்குவரிசையில் திருப்பி வைக்கவேண்டும். 2019-ல் அறிவித்த எக்ஸ்-லுக்கப்பில்தான் ஒழுங்கு வந்தது. ஒன்றும் சொல்லாவிட்டால் சரியாகப் பொருந்துவது மட்டும், 1 என்றால் அடுத்த பெரியது, மைனஸ் 1 என்றால் அடுத்த சிறியது, வரிசைப்படுத்தவும் வேண்டாம். ஆஃபீஸில் பழைய எக்ஸெல்தான் இருக்கிறது என்பவர்கள் வழக்கம்போல் மேட்ச்சோடு மல்லுக்கட்டவும்.

நம் பேப்பரில் இதைப் பற்றி என்ன கேட்கிறார்கள்? "டிக்ஷ்னரி என்றால் என்ன? லிஸ்ட்டுக்கும் அதற்கும் உள்ள வேறுபாடு யாது?" ஐந்து மார்க். நெட்டுரு போட்டு எழுதிவிட்டு மறந்துவிடலாம். அதற்குப் பதிலாக ஒரு ரேட் சார்ட்டை அச்சடித்துக் கொடுத்து, "சரியாக 500 கிராம் இருந்தால் எந்தச் சாவி, ஏன்?" என்று கேட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும்? ஃபைனான்ஷியல் மேனேஜ்மென்ட்டில் ஐ.ஆர்.ஆர். கணக்கில் இரண்டு வட்டி விகிதத்துக்கு நடுவில் இன்டர்போலேஷன் போடுகிறோமே, அங்கே செய்வதும் அதே வேலைதான். மேல் பக்கத்து ஆளையும் கீழ்ப் பக்கத்து ஆளையும் கண்டுபிடித்து நடுவில் நிற்பது. இரண்டு பேப்பரையும் ஒரே செமஸ்டரில் வைத்திருக்கிறார்கள், இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு என்று சொல்லத்தான் ஆளில்லை.

கடைசி வருஷ ப்ராஜெக்டுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் செய்யப்போகிற மக்களே, பில்லிங்தான் செய்யப்போகிறீர்கள் என்று தெரியும், எல்லா வருஷமும் அதுதானே. வைவாவுக்கு முன்னால் விலை 2499, 2500, 2501 கொடுத்துப் பாருங்கள். தேதி 2017 ஜூன் 30, ஜூலை 1, 2025 செப்டம்பர் 21, 22 கொடுத்துப் பாருங்கள். விலையை ரூபாய்-தசமத்தில் வைக்காமல் பைசாவில் முழு எண்ணாக வைத்துக்கொள்ளுங்கள். பைத்தானில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.3-க்குச் சமமாக வராது. எல்லையில் நிற்கிறபோது அந்தக் கடுகளவு வித்தியாசம் போதும், 5-ஐ 18 ஆக்க.

டிஸ்கி: சாவி எண்ணாக இல்லாமல் தமிழ்ச் சொல்லாக இருந்தால் 'அடுத்தது' என்பதே தகராறு. யூனிகோடில் ழ-வுக்குப் பிறகுதான் வ. நம் நெடுங்கணக்கில் ய, ர, ல, வ, ழ, ள. அதனால் பைத்தானிடம் சும்மா வரிசைப்படுத்தச் சொன்னால் 'பழம்' முன்னால், 'பவளம்' பின்னால். எந்தத் தமிழ் அகராதியைப் புரட்டினாலும் பவளத்துக்குப் பிறகுதான் பழம் :-)